சண்டையைத் தவிர்க்கும் பொத்தான்

முதலில் மக்கர் செய்தது வலது கட்டைவிரல். பனியன் கம்பெனியில் நான் செக்கிங் மேசைக்காரி. பிசிறு வெட்டும் கத்தரியைக் காலையில் பிடிக்கவே முடியவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேமில் வாள் வீசும் பொத்தானை அழுத்தவும் விரல் மறுத்தபோதுதான் பயந்தேன்.

முடக்குவாதம் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். வாரம் ஒருமுறை மட்டும் போடும் மாத்திரையும் மணிக்கட்டுக்குப் பட்டையும் கொடுத்தார்.

இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும், விடிந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கும் நேரம். நான் யாருக்கும் தெரியாமல் முன்னதாகவே எழுந்து, சுடுதண்ணீரில் கையை முக்கி, தட்டுத்தடுமாறித் தலை பின்னிக்கொள்வேன். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

சிரிக்காதீர்கள், அப்போது எனக்கிருந்த பெரிய ஏக்கம் அந்த கேமின் முடிவுதான். காணாமல் போன தங்கையைத் தேடித் தீவு தீவாகப் போகும் படகுக்காரியின் கதை அது. கடைசித் தீவில் ஒரு சண்டை. அதில் ஜெயித்தால்தான் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பது தெரியும். யூடியூபில் முடிவைப் பார்க்க மனசு வரவில்லை. அவ்வளவு தூரம் படகை ஓட்டி வந்தவள் நான்.

என் கணவர் செட்டிங்ஸைத் துழாவி, சண்டையைத் தவிர்க்க ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் லைனில் ஒரு தையல் விட்டுப்போன பனியன் என் மேசையைத் தாண்டாது. திரும்பிப் போய் அந்தத் தையலை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

"தையல் உட்ட பீஸை நான் பாஸ் போடுவனுங்களா மாமா?"

"அது கெடக்குது அம்மிணி. தங்கச்சி என்னானாள்னு உனக்குத் தெரியோணுமா, வேண்டாமா?"

தெரிய வேண்டும். சில வாரங்கள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஞாயிறு மதியம் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

திரை இருண்டு வெளுத்தது. படகுக்காரி தோளில் காயத்தோடு மூச்சு வாங்க நின்றாள். இவள் சண்டை போடாமல் வந்தவள் என்று எங்காவது ஒரு முத்திரை இருக்கும் என்று தேடினேன். செக்கிங்காரி கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கரையில் தங்கை வலை பின்னிக்கொண்டிருந்தாள். அக்காவை அடையாளம் தெரியாமலே குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் அழுதுவிட்டேன். அவரும் மூக்கை உறிஞ்சினார்.

கேமை உருவாக்கியவர்கள் எந்த ஊரிலோ உட்கார்ந்து, என்னுடையதைப் போன்ற விரல்களையும் நினைத்து அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு! பட்டை போட்ட கையோடு டிவியைப் பார்த்துக் கும்பிட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, இன்னொரு நோயாளிக்குச் சொல்வதற்காக கேமின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் நான் முன்னதாக எழவில்லை. விறைப்பு அப்படியேதான் இருந்தது. சீப்பை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே பின்னி உடுங்க மாமா."

அவர் பின்னி முடிக்கும்வரை, பல மாதங்களுக்குப் பிறகு, டீயைச் சூடாகக் குடித்தேன். சடை கோணல்மாணலாக விழுந்திருந்தது. என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அதோடுதான் கம்பெனிக்குப் போனேன்.