குப்பைமேட்டில் வைத்த பெயர்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் குப்பன் என்று பெயர் இருந்தால், அவருக்கு முன்னால் அந்த வீட்டில் பிள்ளை தங்கவில்லை என்று அர்த்தம். பிறந்ததெல்லாம் கை நழுவிப் போன வீட்டில், அடுத்ததையாவது எமன் கண்ணிலிருந்து மறைக்க, குப்பைமேட்டில் போட்டு எடுத்து வைக்கிற பெயர் அது. குப்பையில் கிடப்பதை யார் வந்து தூக்கிப்போகப் போகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அந்த ஒரு பெயருக்குத்தான் எத்தனை வேஷம்! கொஞ்சம் மரியாதை வேண்டியவர்கள் குப்புசாமி ஆனார்கள். கொஞ்சம் மினுக்கு வேண்டியவர்கள் குப்புராஜ் ஆனார்கள். தெலுங்கு பேசுகிற வீடுகளில் அதே குப்பைமேடு பெண்டையா என்று வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளையைப் பிச்சையாகக் கேட்டு வாங்கியவர்கள் பிச்சை என்றும் பிச்சைமுத்து என்றும் வைத்தார்கள். வாணியம்பாடி முஸ்லிம் வீடுகளில் அதே பிச்சைதான் பக்கீர். தர்காவில் வேண்டிக்கொண்ட நம் வீடுகளில் அந்தப் பக்கீரே பக்கிரிசாமி. எமனுக்கு எந்த மொழியும் தெரியும் என்று பயந்துதான் இத்தனை மொழியிலும் பொய் சொல்லி வைத்தார்கள் போலிருக்கிறது.

நானும் குப்புசாமிகளில் ஒருவன். எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள் இருந்து போனார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்ச் செய்தி தெரிவதுபோலத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மலைமேல் ஜமுனாமரத்தூரில் மின்சாமான் கடை வைத்தபோது போர்டில் என் பெயரைப் போடாமல் மகள் பெயரைப் போட்டேன். பெற்றவர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்ற எரிச்சல் எனக்குத் தலை நரைத்த பிறகும் தீரவில்லை.

என் தங்கச்சியையும் ஜமுனாமரத்தூரிலேயே கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் நெல்லிவாசல் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் நிற்கவில்லை. இரண்டுக்கும் செல்போனில் தேடித்தேடி அழகான பெயர்களாக எடுத்து வைத்திருந்தாள். மூன்றாவதாக ஒரு மகன் திருப்பத்தூரில் பிறந்தான். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறான் என்றுதான் சொன்னார்கள். தடுப்பூசியும் தவறாமல் போட்டாள். ஆனாலும் பால் கொடுக்கும்போதுகூட அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணா, உன் பேரு இவனுக்கு வேணும். சும்மா இல்ல, முறைப்படி வெக்கணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உனக்கு இன்னா பைத்தியமா? நாளைக்கிப் பள்ளிக்கூடத்துல மூக்கப் புடிச்சிக்கினு சிரிப்பானுங்க. கேக்கப்போறவன் அவன்தான், நீ இல்ல."

"பள்ளிக்கூடம் வரைக்கும் வரட்டும்ணா. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க" என்றாள்.

முறை தெரிந்தவர்களைக் கேட்டு வந்தேன்.

முறை இதுதான். பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட வேண்டும். உறவு இல்லாத ஒருத்தி வந்து எடுத்து, யார் பிள்ளை என்று கேட்பாள். யாரும் பதில் சொல்லக் கூடாது. பெற்றவள் வழிப்போக்கியாக வந்து, தன்னுடையது இல்லை என்று ஊர் அறியச் சொல்லி, தவிட்டைக் கொடுத்து அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். விலைக்கு வாங்கும் வரை என் பிள்ளை என்று அவள் வாயில் வரவே கூடாது. வந்தால் எமனுக்கு ஆள் அடையாளம் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

எடுக்கிறவளாக வர ஒப்புக்கொண்டது வாணியம்பாடிக்கார அக்கா ஒருவர். வாராவாரம் சந்தைக்குச் செருப்பு மூட்டையோடு மலையேறி வருகிறவர், தங்கச்சிக்கு நெருங்கிய சிநேகிதி. கேட்டதும், "எங்க வூட்லயும் ஒரு பக்கீர் கீறான்மா, எந்தம்பி. எனக்கு இதெல்லாம் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

சந்தை நாள் காலையில் வீட்டுப் பின்னால் இருந்த குப்பைமேட்டில், ஆட்டுப்புழுக்கைக்கும் பலாத்தோலுக்கும் நடுவில் முறத்தை வைத்தோம். பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தான். அக்கா ஒரு பக்கமிருந்து நடந்து வந்தார். தங்கச்சி தெருக்கோடியிலிருந்து கையில் தவிட்டுப் பையோடு வந்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த கோழி ஒன்று முறத்துக்கு அருகில் கிளற, பிள்ளை வீறிட்டான்.

"ஐயோ, எம்புள்ள!"

பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நடுவழியில் நின்றாள். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "நானே காட்டிக் குடுத்துட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத நானே, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

அக்கா மட்டும் நிற்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்து, முந்தானைக்குள் மூடி, சண்டைக்காரக் குரலில் கேட்டார்.

"யாரு புள்ள? ஓம் புள்ளயா? ஓம் புள்ளன்னா குப்பையில எதுக்குக் கெடக்குது? பொய் சொல்றா பாரு. இது எனக்குக் கெடச்சது. நான் எங்கூருக்கு எத்துக்கினு போறேன்."

சொன்னதோடு விடவில்லை. திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நடிப்பா நிஜமா என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் தங்கச்சி, அவள் பின்னால் நாங்கள். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மலையிறங்கும் பேருந்து புறப்பட நின்றுகொண்டிருந்தது. அக்கா பிள்ளையோடு படியில் ஏறிவிட்டார்.

"குடுத்துடுக்கா" என்று கையை நீட்டினாள் தங்கச்சி.

"எல்லாரும் கேக்கச் சொல்லு. இது ஓம் புள்ளயா?"

தங்கச்சி அவர் முகத்தையே பார்த்தாள். அக்கா கண் நிறையத் தண்ணீரோடு அதட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இல்ல" என்றாள்.

"சத்தமா சொல்லு!"

"இல்ல! எம்புள்ள இல்ல! நான் பெக்கல! குப்பையில கெடந்தது! எனக்கு வித்துடு!"

ஊரே கேட்கும்படி அவள் கத்தினாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். பேருந்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தமும் நின்றுபோனது. மாப்பிள்ளை ஓடிப்போய்த் தவிட்டுப் பையை எடுத்து வந்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்து, அவன் காதில், "குப்பா" என்றார்.

என் அம்மாவும் ஒருநாள் இப்படி ஊர் நடுவில் நின்று, என்னைப் பார்த்து, என் பிள்ளை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்த வாயால் அதைச் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல எவ்வளவு ஆசை வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்ல அம்மா இல்லை.

தங்கச்சி மகன் இப்போது ஓடுகிற வயதில் இருக்கிறான். தடுப்பூசியால் தங்கினான் என்று நான் சொல்வேன். மாப்பிள்ளை தவிட்டால் என்பார். யார் சொல்வது சரியாக இருந்தால் என்ன, பயல் வீட்டில் ஒரு சாமானை உருப்படியாக விடுவதில்லை. அவன் முகத்தை அவள் நாளெல்லாம் பார்க்கிறாள்.

போன வாரம் சந்தைக்குப் போயிருந்தோம். கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவிட்டான். தங்கச்சி பதறிப்போய், தொண்டை கிழிய, "குப்பா!" என்று கூப்பிட்டாள்.

சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் திரும்பினார். தேன் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஜீப்பின் மேல் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு முரட்டு ஆள், கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினார். அத்தனை பேரும் ஒரு காலத்தில் குப்பையில் கிடந்து பிழைத்தவர்கள், அத்தனை பேருக்கும் ஒரு தாய் ஊர் நடுவில் நின்று பொய் சொல்லியிருக்கிறாள். பயல் தக்காளிக் கூடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் கூப்பிட்டது என்னை இல்லை என்று தெரியும். ஆனாலும் நானும் திரும்பினேன்.