கள்ளக் கோதுமை

மாமிரின் உடலை எடுத்த அன்று, எங்கள் வழக்கப்படி துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டியவள் ஜூராகான். பெண்டாட்டியாயிற்றே. அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கத்தியதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் நான்கு பேருக்கும் தொண்டை கட்டிப்போனது. வெளியே வந்ததும் "கல்லுடி அது" என்று முதலில் சொன்னவள் நான்தான்.

அது ஜனவரி. இலையுதிர் காலத்தில் மாமிர் விதைத்த கோதுமை பனிக்கு அடியில் கிடந்தது. உஸ்கென் ஊர்ப் பக்கம் எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கும் விதை அந்த வயலிலிருந்துதான் போகும். அவன் கடைசியாக விதைத்தது என்பதால், வருஷ நினைவுநாளுக்கு வழக்கமாகச் சுடும் ஏழு ரொட்டிக்கும் அந்த மாவுதான் என்று ஜூராகான் சொல்லிவைத்திருந்தாள். வேறெதிலும் அவளுக்குப் பிடிப்பில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள்.

ஏப்ரலில் களை பார்க்கப் போனவள் வயல் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கொழுந்தன் தூய்ஷோனும் நானும் போய்ப் பார்த்தோம்.

"என்ன அண்ணி? பயிர் நல்லாத்தான இருக்கு?"

"இது பயிரில்ல, களை. கள்ளக் கோதுமை."

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியாது. இலை ஓரத்தத் தடவு."

நானும் தடவினேன். ஓரமெல்லாம் வரிசையாகப் பூனைமுடி தட்டுப்பட்டது. பக்கத்துப் பயிரில் அது இல்லை. அவள் ஒன்றைத் தோண்டி மண்ணை உதறினாள். வேரில் கோதுமை மணி இல்லை; வைக்கோல் துண்டு மாதிரி உருண்ட விதையுறை ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து இடத்தில் தோண்டினோம். ஆறில் அதுவே.

"களத்தக் கூட்டி அள்ளுனதையும் விதையில சேத்திருக்காரு," என்றாள். "சலிச்சிட்டேன்னுதான் சொன்னாரு. அப்பவே முடியாம மூச்சு வாங்கிட்டிருந்தாரு. நானும் எட்டிப் பாக்கல."

"கதிர் வரட்டும் அண்ணி, அப்புறம் பொறுக்கிக்கலாம். அண்ணன் கையால போட்டது."

"இவ்வளவையும் யாரு பொறுக்குறது? முத்துனா உதிரும். விதையோட பத்து வீட்டு வயலுக்கும் போகும். பச்சையாவே அறுத்து மாட்டுக்குப் போடு."

"அப்ப ரொட்டிக்கு?"

"கடையில மாவு வாங்கிக்கலாம்."

உப்பு வாங்குவதைப் பற்றிப் பேசுகிற குரல். நெஞ்சே மரத்துப்போன பொம்பளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூய்ஷோன்தான் அரிவாளை எடுக்க முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். அவளே எடுத்து அறுத்தாள்.

வாய்க்கால் ஓரம் ஒரு பாய் விரிக்கும் இடத்தை மட்டும் விட்டுவைத்தாள். தினமும் போய் ஒவ்வோர் இலையாகத் தடவுவாள், முடி தட்டுப்பட்டதைப் பிடுங்குவாள். வேலையற்ற வேலை என்று நான் சிரித்தேன்.

நினைவுநாளில் தட்டில் ஏழு ரொட்டி. ஆறு கடை மாவில் வெளுப்பாக, பெரிதாக இருந்தன. ஏழாவது உள்ளங்கை அளவு, பழுப்பு. அதைப் பிட்டு முதல் துண்டை என் கையில் வைத்தாள்.

"சாப்பிடுக்கா. இதுல கலப்பில்ல."

வாயில் போட்டு மென்றேன். அன்றைக்கும் அவள் அழவில்லை. நான் அழுதேன், இந்த முறை யாருக்கும் காட்ட அல்ல.