தவமணி அக்காவின் பட்டியலில் இரண்டு வரிகள்

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில், மரக்கறிக் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது எங்கள் உதவிக் குழுவின் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "தவமணி காலமாகிட்டா. விடியத்தான், ஆசுபத்திரியிலை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கவேணும். நீர் ஒரு கட்டுரை எழுதும், ரெண்டு பக்கம் காணும்," என்றார். மரணத்தையும் பக்கக் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காக: திருமதி தவமணி நகரின் புறத்தே ஹொல்ம்லியாவில் வசித்தவர். ஒஸ்லோ மருத்துவமனை ஒன்றின் சத்திரசிகிச்சை விடுதியில் நீண்டகாலம் துணைத் தாதியாக வேலை செய்தவர். கணவரை இளவயதிலேயே இழந்து, மகள் சிந்துவைத் தனியாக வளர்த்தவர். இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்து பாதை திறந்திருந்த காலத்தில், வன்னியில் காயப்பட்டுக் கிடந்த போராளிகளுக்கு அன்றாடத் தேவைக்கான பொருட்களைப் பைகளில் கட்டி அனுப்ப நாங்கள் சிலர் குழுவொன்று தொடங்கினோம். நான் செயலாளர். பைக்குள் என்ன வைக்கலாம் என்று கேட்க அக்காவை அழைத்தோம்.

முதல் கூட்டத்துக்கு மற்றவர்கள் யோசனைகளோடு வந்தார்கள், அக்கா ஒரு சால்வையோடு வந்தார். என் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, நாங்கள் வாங்கி வைத்திருந்த மாதிரிப் பையை முன்னால் வைத்தார். "இப்ப பல்லுத் தீட்டும் தம்பி."

பையின் முடிச்சே அவிழவில்லை. பற்பசை மூடி சுழன்றுகொண்டு நின்றது. சவர்க்கார உறையைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்தேன். "கடியும், கடியும். அங்கை அவையளும் அதைத்தான் செய்யப்போயினம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்ததாகத் தலைவரின் பக்கம் சால்வையை நீட்டினார். தலைவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் பைகளில் முடிச்சு இல்லை, இழுத்துத் திறக்கும் பட்டி மட்டும்தான். தட்டித் திறக்கும் பற்பசை வந்தது, பொத்தான் சட்டைக்குப் பதிலாகத் தலைவழியே போடும் சட்டை வந்தது. எதை வாங்கினாலும் அக்கா தன் கையைக் கட்டிக்கொண்டு திறந்து பார்த்த பிறகே அது பட்டியலில் ஏறும்.

அந்தப் பட்டியலின் கடைசியில், பெண் போராளிகளின் பைகளுக்கென்று அவர் இரண்டு வரிகள் எழுதியிருந்தார். ஒன்று மாதவிடாய்த் துவாய், மற்றது பெண்கள் உள்ளாடை.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். எதை அனுப்பினாலும் முதலில் மண்டபத்தில் ஒரு விழா வைப்போம். மேடையில் பைகளை அடுக்கி, விளக்கேற்றிப் பூப்போடுவோம். பிரதம விருந்தினர் ஒரு பையைத் திறந்து பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சபைக்குக் காட்டுவார், சபை கைதட்டும்.

தலைவர் பட்டியலைப் பார்த்தபடி, "தங்கச்சி, இதுகளை என்னெண்டு மேடையிலை தூக்கிக் காட்டுறது?" என்று கேட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் அதே மண்டபத்தில், அதே மேடையில் தலைவருடைய மகளின் சாமத்தியவீடு நடந்திருந்தது. பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணை, உங்கட மகள் பெரியபிள்ளையானதை மண்டபம் நிறையச் சனத்தைக் கூப்பிட்டு, பல்லக்கிலை ஏத்திச் சொன்னனீங்கள். அண்டைக்கு வராத வெக்கம் இந்தப் பையைக் கண்டோ வருது?"

"பாப்பம்," என்று சொல்லித் தலைவர் கூட்டத்தை முடித்தார்.

அந்த வார இறுதியில் பட்டியலைத் தட்டச்சுச் செய்தவன் நான். அந்த வரிகளை வெட்டச் சொல்லித் தலைவர் சொல்லவே இல்லை. "ஒழுங்காய் அடியும்," என்று மட்டும் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. எல்லாப் பையும் ஒரே மாதிரி ஆனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சவர அலகு, சவர நுரை. விழா அமோகமாக நடந்தது. அன்று அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. அவர் கேட்டறியும் முன்பே பைகள் போய்விட்டன.

சில மாதங்களில் வன்னியில் காயப்பட்ட பெண் போராளிகள் இருந்த விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த விழாவில் தலைவர் அதன் முதல் இரண்டு வரிகளை, நன்றி சொன்ன வரிகளை மட்டும், உருக்கமாக வாசித்தார். அக்கா எழுந்து நேரே மேடைக்குப் போய், அவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மிச்சத்தை வாசித்தார்.

"சவர அலகுகள் நல்ல உதவி. மாதத்துக்கு மாதம் உடுத்துப் பழசான சாரங்களைத் துண்டு துண்டாய் வெட்ட அதைத்தான் பாவிக்கிறம். ஒரு கை இல்லாத பிள்ளைக்கு மற்றவ வெட்டிக் குடுப்பா. முடிஞ்சால் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கோ."

பாதியில் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் இறங்கியதும் அடுத்த நிகழ்ச்சி நடனம் என்று அறிவித்தார்கள்.

அன்று புகையிரத நிலையம் வரை அக்காவோடு நடந்தேன். "தம்பி, அந்த ரெண்டு வரியையும் ஆர் வெட்டினது?" என்று கேட்டார்.

"தலைவருக்கு விருப்பமில்லை அக்கா," என்றேன்.

சாமர்த்தியமான பதில். அவர் நம்பினார். அன்றோடு தலைவருடன் பேசுவதை விட்டார், குழுவிலிருந்தும் விலகினார். என்னை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்து, "நீராவது மனிசன்," என்பார். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

பிறகு அவர் தனியாகப் பைகள் கட்டினார். கலியாண வீடு, சாமத்தியவீடு என்று போன இடமெல்லாம் பெண்களிடம் அந்த இரண்டு பொருட்களையும் கேட்டார். சிலர் கொடுத்தார்கள், பலர் அவரைக் கண்டதும் கழிவறைப் பக்கம் நழுவினார்கள். முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. இரண்டாவதைக் கட்டி முடிக்கும்போது சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டப்பட்டுவிட்டது.

வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வந்தபோது, தான் வேலை செய்த மருத்துவமனையிலேயே படுத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கடைசி முறை போனேன். வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இடது கையால் தயிர்க் கோப்பையைத் திறந்து காட்டி, "பாத்தீரே, பழகினது உதவுது," என்று சிரித்தார். சொல்லாமலே திரும்பி வந்தேன்.

இறுதிக் கிரியையில் தலைவர், "காயப்பட்ட பிள்ளைகளின் தாய்," என்று அழுதழுது பேசினார். என் அருகில் நின்ற சிந்து, "அங்கிள், போட் முழுக்க அம்மான்ரை பையள்தான். நான் இதை எங்கை குடுக்கிறது?" என்று கேட்டாள். போட் என்பது அவர்கள் மாடிக்கட்டடத்தின் கீழ்த்தளச் சாமான் அறை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கூரை முட்ட அடுக்கியிருந்தார். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றை இடது கையால் இழுத்தேன். ஒரே இழுப்பில் திறந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

இக்கட்டுரையை இதுவரை எழுதித் தலைவருக்கு அனுப்பியபோது, அவர் தொலைபேசியில் சொன்னார்: "நல்லாய்த்தான் எழுதியிருக்கிறீர். அந்த உள்ளாடைக் கதையை மட்டும் எடுத்துவிடும். செத்தவீட்டு மலரிலை உது வடிவில்லை."

இந்த முறை எடுக்கப்போவதில்லை. அவர் அச்சடிக்க மறுத்தால் சிந்து தானே அச்சடித்து, முப்பத்தோராம் நாளன்று வாசலில் நின்று கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா, வெட்டியது தலைவர் அல்ல. நான்தான். அன்று மரக்கறிக் கடையில் வந்த கோபமும் என் மேல்தான். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் தந்த தேத்தண்ணிக்கு நான் தகுதியில்லாதவன். போய் வாருங்கள். உங்கள் பட்டியலின் கடைசி வரிகளை, நீங்கள் எழுதியபடியே இங்கே அடிக்கிறேன்.

மாதவிடாய்த் துவாய் – ஒருவருக்கு நாலு பக்கற்.

பெண்கள் உள்ளாடை – ஒருவருக்கு ஆறு.