மாஸ்டர் ஒத்துக்கொண்ட தப்பு

இருபத்தாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்த மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படிக்க வந்தவர் என்ன சொதப்பினாலும் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றுபோனால் போதும், "உங்க தப்பு இல்லீங்க, நான்தான் தெரியாம பிரேக்கை மிதிச்சுட்டேன்" என்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது இதற்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. பயந்தவன் கைக்கு ஸ்டியரிங் அடங்காது என்பது அவர் கட்சி. அவரிடம் படித்துப் போனவர்கள், 'தங்கமான மனுஷன், என்ன, கால்தான் சும்மா இருக்காது' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். 'ரெண்டாம் பிரேக்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். மாஸ்டருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் மட்டும் இந்தப் பெருந்தன்மை செல்லாது. பால் பொங்கி வழிந்தாலும் மனைவி தப்பு, மழையில் துணி நனைந்தாலும் மனைவி தப்பு.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டியரிங் பிடித்திருந்தவர் நாற்பது வயதுக்கு மேல் கார் படிக்க வந்த தையல்காரம்மா. சிக்னலில் பச்சை விழுந்தது. அந்தம்மா அவசரத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். வண்டி நாலடி துள்ளி, இன்ஜின் அணைந்து நின்றது. பின்னால் வந்த ரொட்டி வேன்காரனுக்குக் கண் ரோட்டில் இல்லை, செல்போனில் இருந்தது. வந்த வேகத்தில் ஒரே இடி. பின்கதவு மேலே எகிறிக்கொண்டது, பம்பர் கழன்று ரோட்டில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் தையல்காரம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன், இனிமே இதுல உக்காரவே மாட்டேன்" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

மாஸ்டர் என்ன செய்வார்? பழக்கதோஷம். "அழாதீங்கம்மா. நீங்க ஒண்ணுமே பண்ணல. நான்தான் பிரேக்கைப் போட்டுட்டேன். முழுக்க முழுக்க என் தப்பு" என்று அந்தம்மாவுக்கு உறைக்கிற மாதிரி உரக்கச் சொன்னார். ஜன்னலோரம் வேன்காரன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டதும், "பின்னாடி வந்து இடிச்சவங்கதான் பொறுப்பு சார், கவலைய விடுங்க" என்றார்கள். ஒர்க்‌ஷாப்காரரோ, "இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேன். தொட்டா அப்புறம் என்னைக் கேப்பாங்க" என்று கையை விரித்துவிட்டார். சர்வேயர் ஆறாம் நாள் வந்தார். போட்டோ எடுத்தார், குனிந்து பார்த்தார், அடிச்சட்டமும் வளைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். வண்டி சரியாகி வரும்வரை ஓட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த மாற்று வண்டியில் ரெண்டாவது பிரேக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு மாஸ்டர் காய்கறி வாங்கப் போகலாம், பாடம் நடத்த முடியாது. படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. மாதக் கடைசியில் அவருடைய பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தன் தவறால் விபத்து என்று ஒரு வரி பதிவானால் போதும், ரெண்டு வருஷம் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

பதினோராம் நாள் கிளெய்ம் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடித் தடுப்புக்குள் உட்காரவைத்து, வேன் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினார். மாஸ்டரின் குரல் கணீரென்று கேட்டது. முழுக்க முழுக்க என் தப்பு.

"பச்சை விழுந்து கிளம்பின வண்டிய நீங்களே பிரேக் போட்டு நிறுத்தியிருக்கீங்க. அப்போ பொறுப்பு உங்க மேலதான் வரும்" என்றார் ஆபீசர்.

"அது சும்மா சொன்னதுங்க. அந்தம்மா பயந்துட்டாங்கன்னு சொன்னேன். அவங்க கிளட்ச்ச விட்டதுல வண்டி தானா நின்னுச்சு."

"கத்துக்கறவங்க வண்டி நின்னுபோறது தப்புக் கணக்குல வராது. அந்தம்மாவையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சுது வேலை."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி அடுப்பை அணைத்தாள். பிறகு, "ஊர்ல இருக்கறவங்க தப்பையெல்லாம் உங்க தப்புன்னு சொல்ல வாய் வருது. இந்த வீட்டுல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?" என்றாள். மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குக் கிளம்பினார்.

அந்தம்மா வாசலிலேயே முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "வாங்க மாஸ்டர். நாளன்னிக்கு எனக்கு டெஸ்ட்டு. எங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் ஓட்டிப் பழகிட்டிருக்கேன். அன்னிக்கு மட்டும் நீங்க உங்க தப்புன்னு சொல்லலேன்னா, சத்தியமா அதோட விட்டிருப்பேன்."

வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சை மாஸ்டர் எடுக்கவேயில்லை. உங்கள் தப்புதான் என்று இப்போது சொன்னால் டெஸ்ட்டில் இந்தம்மா கைக்கு ஸ்டியரிங் அடங்காதே என்று தோன்றியது. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்ஷூரன்ஸ்ல ஒரு லெட்டர் கேக்கறாங்கம்மா…" என்று இழுத்தார்.

"அவங்களே போன் பண்ணாங்க. இன்னிக்கு மத்தியானமே எழுதி அனுப்பிட்டேன். உங்களுக்கு நல்லதாத்தான் எழுதியிருக்கேன், பாருங்களேன்."

மாஸ்டருக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்கு மேல் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கையோடு வேறு எழுதி வாங்கியிருக்கலாம். நல்லவன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில் மனுஷனுக்கு அது தோன்றவில்லை.

ரெண்டு நாள் கழித்து ஆபீசர் கடிதத்தை மேஜை மேல் திருப்பி வைத்தார். மணிமணியான கையெழுத்து. 'மாஸ்டர் மிகவும் நேர்மையானவர். வண்டியைத் தான்தான் பிரேக் போட்டு நிறுத்தியதாக அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். இப்படித் தவறை ஒத்துக்கொள்கிறவர்களை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. அவருக்கு எந்தச் சிக்கலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'

"இந்தம்மா பொய் சொல்றாங்களா?" என்று கேட்டார் ஆபீசர்.

"இல்லீங்க. நான் சொன்ன பொய்ய அவங்க நம்பிட்டாங்க."

"எது பொய்? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

"அன்னிக்குச் சொன்னது. இருபத்தாறு வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன்."

ஆபீசர் கீபோர்டில் விரலை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "அதையும் பதிவு பண்ணிக்கட்டுமா?"

மாஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். விபத்துக்குப் பொறுப்பு: பயிற்சியாளர்.

படியிறங்கும்போது செல்போன் அடித்தது. தையல்காரம்மாதான்.

"மாஸ்டர், பாஸாயிட்டேன்! ஒரு எடத்துல கூட வண்டி நிக்கல தெரியுமா? பக்கத்துல பிரேக் போட ஆளில்லாததே பெரிய நிம்மதின்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு!"

பின்னால் அந்த மனுஷன் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போனை அணைத்தார். தன்னிடம் படித்த ஒருத்தர் மேல் அவருக்கு வெறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.