கிணற்றுக்குள் பூட்டுக்காரன்

சனிக்கிழமை காலை பத்து மணி. மூன்று மணிக்கு மூன்று பேர் வருவார்கள். அதற்குள் மகள் ஒருவனைக் கொல்லத் தயாராக வேண்டும்.

சாக வேண்டியவன் ஒரு பூட்டுக்காரன். எந்தப் பூட்டும் அவன் கைக்குத் திறக்கும். வாய் நீளம். உயரம் என்றால் தொடை நடுங்கும். அவன் இருப்பது கதைக்குள். ஒன்பது வருடமாக அவனுக்குக் குரல் கொடுத்து வருபவர் பஸ் டிரைவர்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். ஆபத்தான இடம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டித் தீர்மானிப்பார்கள். நடத்தி வந்தவள் அம்மா. அம்மா செத்து மூன்று மாதம் ஆகிறது.

முப்பத்தொரு வருடம் அவள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, துணி சுற்றி, நீராவியில் வைத்து எடுக்கிற அறை. ஒரு கத்தரிக்கோல் திரும்பி இருந்தாலும் தட்டையே கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மேலே டாக்டர்கள் கத்துவார்கள். "கத்தட்டும். வயித்துக்குள்ள போற சாமான்" என்பாள்.

குழந்தைகள் வார்டுக்கு யாரோ கொடுத்த பெட்டியில் இந்த விளையாட்டு கிடந்தது. விதிப் புத்தகம் தலையணை கனம். யாருக்கும் ஒரு பக்கம் விளங்கவில்லை. அம்மா ஒரு மாதம் மதிய இடைவேளைகளில் அதைப் படித்தாள், புது இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பது மாதிரி. பிறகு ஆள் சேர்த்தாள். தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பஸ்ஸின் டிரைவர் ஒருவர். ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரி ஒருத்தி. குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த ஒரு கணக்கு வாத்தியார்.

கடைசி ஆட்டத்தில் பூட்டுக்காரன், வாத்தியாரின் ஆள் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கினான். கயிறு அறுந்தது. உயிர் போகிற விஷயம் என்றால் அம்மா மறைப்பு அட்டைக்குப் பின்னால் தானே பகடையை உருட்டுவாள். பத்துக்கு மேல் வந்தால் ஆள் தப்பித்தான். அன்றும் உருட்டினாள், எண்ணைச் சீட்டில் எழுதினாள், உறைக்குள் போட்டு ஒட்டினாள். "அடுத்த சனிக்கிழமை பிரிக்கலாம்." அது சனிக்கிழமை. புதன்கிழமை அவள் இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் டிரைவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு போன் செய்தார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. அந்தக் கவர் இருக்கா?"

"இருக்கு மாமா."

"நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு தெரியாமலே வண்டி ஓட்டிட்டிருக்கேன். பயணிங்களுக்குத் தெரிஞ்சா இறங்கி ஓடிடுவாங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அவனை அக்காவும் நானும் சேர்ந்துதான் உண்டாக்கினோம். அவனும் போயிட்டான்னா..." வாக்கியத்தை முடிக்காமல் வைத்துவிட்டார்.

அதனால்தான் ஆட்டத்தைத் தானே நடத்துவதாக மகள் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. அன்று காலை உறையைப் பிரித்தாள். சீட்டில் நான்கு என்று இருந்தது.

நான்கை ஆறு தடவை பார்த்தாள். நான்காகவே இருந்தது. முன்னால் ஒன்று போட்டுப் பதினான்காக்க ஒரு கோடு போதும். ஆனால் மானி காட்டியதை மாற்றி எழுதுகிறவர்களை அவளே வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறாள்.

சாவை எழுத உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எழுதி வாய்விட்டுப் படித்தாள். 'கயிறு மேல்முனையிலிருந்து இரண்டு அடியில் அறுந்தது. வீழ்ச்சி தடையின்றி நிகழ்ந்தது. மரணம் உடனடி.' விபத்து அறிக்கை. இதை அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாது.

அம்மா எப்படிக் கொன்றாள்? ஒன்பது வருடத்தில் இரண்டு பேர் செத்திருந்தார்கள், இரண்டும் வாத்தியாரின் ஆட்கள். அவர் எதற்கும் முன்பின் யோசிக்காமல் குதிப்பவர். பழைய சீட்டுகளை அம்மா ஒரு கையுறைப் பெட்டியில் வைத்திருந்தாள். மகள் அவற்றை மேசையில் பரப்பினாள். பதினொன்று. சாவை எப்படிச் சொன்னாள் என்று எதிலும் ஒரு வரி இல்லை. எண், தேதி, அம்மாவின் கையெழுத்து, அதற்குக் கீழே மருந்துக்கடைக்காரியின் கையெழுத்து. அவ்வளவுதான்.

பதினொன்றிலும் இரண்டு கையெழுத்து. பன்னிரண்டாவதை, காலையில் உறையிலிருந்து பிரித்ததை, எடுத்தாள். ஒன்று.

மருந்துக்கடைக்குப் போன் போட்டாள்.

"சித்தி, கிணத்துல உருட்டினப்போ நீங்க பகடையைப் பாத்தீங்களா?"

"எங்கடி பாத்தேன்? உங்க டிரைவர் மாமா ஆறு மணி ட்யூட்டின்னு குதிச்சுக்கிட்டிருந்தாரு. நான் அவர் குடையைத் தேடிட்டிருந்தேன். திரும்பறதுக்குள்ள அக்கா ஒட்டிட்டாங்க. ஏன்?"

"எல்லாச் சீட்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. இதுல இல்ல."

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "இருங்க சார்" என்ற சித்தியின் குரல் தணிந்தது. "ஆமா. ஒருத்தர் அடுக்கினா இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்துப் போடணும். அவங்க ரூம்ல அதுதானே வழக்கம். அதையே இங்கயும் கொண்டாந்தாங்க. உயிர் விஷயம், என் கண்ணை நான் மட்டும் நம்பக் கூடாதுன்னு. அன்னைக்குத்தான் விட்டுப்போச்சு. தலை வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

அந்தத் தலைவலி விஷயம் மகளுக்குத் தெரியாது. போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அப்ப இந்தச் சீட்டு?"

"செல்லாது. ஒத்தைக் கையெழுத்தோட போன தட்டை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல மறிச்சுத் திருப்பி எடுத்துட்டு வந்தவங்க உங்கம்மா."

"நமக்கு வசதியா இருக்கேன்னு சொல்லலையே சித்தி?"

"வந்த நம்பரே எனக்குத் தெரியாது. பதினெட்டா இருந்தாலும் செல்லாதுதான். என்ன வந்துச்சு?"

"சொல்ல மாட்டேன்."

"அழுத்தக்காரி. வை, ஆளுங்க நிக்கறாங்க."

மகள் நாற்காலியில் சாய்ந்தாள். தோள் இரண்டும் இறங்கின. தான் தூக்கிக்கொண்டிருந்ததே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எழுதிய பக்கத்தைக் கிழித்தாள். சமையலறையில் நின்றபடியே நாலு துண்டு ரொட்டி தின்றாள்.

மூன்றுக்கு மூவரும் வந்தார்கள். டிரைவர் சீருடையிலேயே வந்திருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள். சீட்டின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். சித்தி கீழே கையெழுத்திட்டாள்.

"மறுபடி உருட்டணும் மாமா. எல்லாரும் பாக்கற மாதிரி."

"கம்மியா விழுந்தா?"

"விழுந்தா விழுந்ததுதான்."

அவர் தலையாட்டினார். அதைத்தான் எதிர்பார்த்தவர் போல. மகள் உருட்டினாள். பகடை விதிப் புத்தகத்தில் மோதி, திரும்பி, வாத்தியாரின் கண்ணாடிக் கூட்டில் இடித்து நின்றது.

பதின்மூன்று.

சித்தி எழுந்து அருகில் வந்து குனிந்து பார்த்து, புதுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். டிரைவர் தொப்பியைக் கழற்றி முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார்.

"பூட்டுக்காரரே," என்றாள் மகள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அடுத்த வரி எதையும் அவள் எழுதி வைத்திருக்கவில்லை. "கிணத்துல தண்ணி முட்டி வரைக்கும் இருக்கு. இடது கை வீங்கியிருக்கு. மேல வட்டமா கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. என்ன பண்றீங்க?"

தொப்பி இறங்கியது. கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் பழைய வாய்.

"மேல பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். கயித்தைக் கட்டினது எந்த மடையன்?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.