மகள் கேட்ட வீட்டுச் சாவி

ஏழாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம், பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் மகள் கையை நீட்டினாள். "எனக்கு ஒரு வீட்டுச் சாவி வேணும்ப்பா. நானே நடந்து வந்து நானே தொறந்துக்கறேன்."

நானும் மனைவியும் தி. நகரில் வேலை பார்க்கிறோம். மயிலாப்பூரில் இருக்கும் அவள் பள்ளி வாசலில் தினமும் எங்களில் ஒருவரோ என் மச்சினியோ போய் நிற்போம். அவளுடைய தோழிகள் எல்லாரும் தனியாக வீட்டுக்குப் போகிறவர்கள். இவளுக்கு வலிப்பு நோய், அதனால் நாங்கள் விடவில்லை. "பார்க்கலாம்" என்றேன். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் வலிப்பு அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்தது. அறுபத்துமூவர் உற்சவத்தன்று என்பாள் மனைவி. இல்லை, மறுநாள், நீர்மோர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கு மாட வீதியில் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நெஞ்சு படபடன்னு அடிக்குது." நான் குனிவதற்குள் அவள் பார்வை குத்திட்டு நின்றது. பிறகு கை கால்கள் வெட்டி இழுத்தன. அங்கே பூ விற்கும் அம்மா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் உள்ளங்கையில் திணித்தார்.

"இரும்பை நல்லா அமுக்கிப் புடி நைனா, நின்னுடும்."

பிடித்தேன். நின்றது. எதையும் கொடுக்காவிட்டாலும் தானாகவே நின்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வலிப்பை நிறுத்தும் என்று சாவிக்கு ஊரில் இருக்கும் பெயரெல்லாம் இப்படி வந்ததுதான்.

நெஞ்சு அடித்தது என்று சொன்னாளே என்று முதலில் இதயத்தைச் சோதித்தோம். குறை ஒன்றுமில்லை. அடுத்து நரம்பியல் மருத்துவர் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி, கேமரா முன் படுக்க வைத்தார். அங்கேயே ஒரு வலிப்பு வந்தது. திரையில் மேலே மூளையின் அலைகள், அடியில் இதயத்தின் கோடு. அலைகள் மாறத் தொடங்கியதுமே இதயக் கோட்டின் முனைகள் நெருங்கி நெருங்கி வந்தன. படுக்கையில் அவள் அப்போதும் கால் ஆட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு," என்றார் மருத்துவர். "மூளையில கிளம்பறது அதையும் சேர்த்து விரட்டுது. சில குழந்தைங்களுக்கு வேகம் குறையவும் செய்யும். அதனாலதான் ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கறோம்."

மாத்திரையில் வலிப்புகள் வெகுவாகக் குறைந்தன. என் பயம் குறையவில்லை. துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டேன். அவள் மாடிப்படி ஏறினால் அது அலறியது, கணக்குப் பரீட்சைக்கு அலறியது, பானிபூரிக் கடை வரிசையிலும் அலறியது. ஒரு நாள் அதைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு ஒண்ணும் தெரியலப்பா. ஓடினா துடிக்கிறது வேற. வலிப்புன்னா வயித்துலேருந்து ஏதோ கிளம்பி மேல வரும், அப்புறம்தான் நெஞ்சு அடிக்கும். எனக்குத் தெரியும்."

இப்படி முன்கூட்டித் தெரிவது எல்லாருக்கும் வாய்க்காது என்றார் மருத்துவர். தெரிந்த உடனே ஓரமாக உட்காரவும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் பழக்கச் சொன்னார். வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில் ஒரு நாள் மட்டும் தனியாக வரச் சொன்னோம். நான் விடுப்பு எடுத்து, அவளுக்குத் தெரியாமல் பின்னால் நடந்தேன்.

தெற்கு மாட வீதியில் திரும்பியதும் அவள் நின்றாள். வயிற்றில் கை வைத்தாள். நான் ஓடத் தொடங்கினேன். அவளோ நேராகப் பூக்கடை ஓரம் போய்த் தரையில் உட்கார்ந்து, பையைக் கழற்றினாள். "எனக்கு வலிப்பு வருது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சாவி வேணாம்." அவள் குரல் எனக்கே கேட்டது.

கூட்டத்தை விலக்கி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைக்கடியில் பூக்காரம்மாவின் துண்டு. யாரோ ஒருவர், "கையில இரும்பு குடும்மா" என்றார்.

"இன்னாய்யா இரும்பு? பொண்ணே வேணான்னு சொல்ட்டுப் படுத்துக்கினு கீது. தள்ளு, காத்து வரட்டும்!" என்று அதட்டினார் பூக்காரம்மா. சாவிக்கொத்தைத் தன் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உடல் அடங்கியது. கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தவள், மெல்ல எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"பின்னாடியே வந்தீங்களா?"

"ஆமாம்."

"அப்போ வீட்டுச் சாவி கிடையாதா?"

எனக்கு முன் பூக்காரம்மா பதில் சொன்னார். "ஏன் கிடையாது? இன்னும் இன்னா நைனா பாக்கணும் ஒனக்கு? குடு."

மறுநாள் மாலை மனைவியும் சேர்ந்து மூவருமாகக் கோயில் குளத்துப் பக்கம் போய் ஒரு சாவி வெட்டி வாங்கினோம். வீட்டு வாசலில் எங்களை நிறுத்திவிட்டு, அவளே பூட்டைத் திறந்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் அழைப்பு மணியை அடித்தோம்.

"யாரது?" என்றாள், உள்ளேயிருந்து.