அல்லேலூயாவுக்குள் ஓர் அலறல்

அன்புக்கரசி கை தூக்கிப் பாட ஆரம்பித்தால் முன்வரிசையே எழுந்து நின்றுவிடும். திண்டுக்கல் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், இரும்புக்கடை மாடியில் இருந்த சின்ன ஜெபக்கூடம் அது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் அவர். வாரம் முழுக்கச் சாம்பார் குண்டானோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கைகளையும் உயர்த்திக் கண்ணை மூடிக் குதித்து ஆடுவார். பெரிய உடம்பு, தரை அதிரும்.

கணவர் ஒச்சப்பன் சபைக்குள் வந்ததில்லை. வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்த்த டீக்கடையில் பேப்பர் படிப்பார். "ஓன் சாமிய நீ கும்புடு, ஏஞ்சாமிய நான் கும்புட்டுக்கிறேன்" என்பதுதான் அவர் கொள்கை.

போன வருஷம் அன்புக்கரசிக்கு வலது தோள் இறுக ஆரம்பித்தது. முதலில் ஜாக்கெட் மாட்டுவது சிரமமானது. பிறகு அலமாரியின் மேல்தட்டுக்குக் கை எட்டவில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு, மெதுவாகத்தான் சரியாகும், இழுத்துவிடக் கூடாது என்றார் டாக்டர். அன்புக்கரசி இதைச் சபையில் யாரிடமும் சொல்லவில்லை. சுகம் கிடைத்தவர்கள் சாட்சி சொல்லும் இடத்தில் எனக்குச் சுகமில்லை என்று எப்படிச் சொல்வது? பேசாமல் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டார்.

பாஸ்டர் எலியேசர் அதைக் கவனித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆடிக்கொண்டிருந்த ஆத்துமா ஒன்று குளிர்ந்துபோனதே என்ற கவலை அவருக்கு. ஒரு ஞாயிறு, பாட்டு உச்சத்தில் இருந்தபோது, மைக்கோடு நேராகப் பின்வரிசைக்கு வந்தார்.

"கட்டு ஒண்ணு இந்தம்மாவப் பிடிச்சு வச்சிருக்கு. இன்னைக்கு அது அறுபடும்! கையத் தூக்குங்கம்மா!"

"ஐயா, வேணாம்யா..." என்றார் அன்புக்கரசி. கீபோர்டு சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பாஸ்டர் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து ஒரே வேகத்தில் மேலே தூக்கினார்.

உள்ளே ஏதோ முறிந்தது. அன்புக்கரசி அலறினார்.

"அல்லேலூயா!" என்றது கூட்டம். கீபோர்டு இன்னும் ஏறியது. அவர் சரிந்து விழுந்தார். ஆவியின் அபிஷேகம் இறங்கி விழுந்தவர்களுக்குச் செய்வதுபோல, இரண்டு பெண்கள் வந்து அவர் காலில் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு, கைதட்டியபடி பாட்டைத் தொடர்ந்தார்கள். அன்புக்கரசிக்கு நினைவு தப்பவில்லை. மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. சுற்றிலும் எல்லாரும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அலறல் பாஸ்டரின் மைக் வழியாகத் தெருவுக்கும் கேட்டது. ஒச்சப்பன் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்போடு மாடியேறி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாட்ட நிப்பாட்டுங்கய்யா! வலியில கத்துறா, வெளங்கலயா ஒங்களுக்கு?"

கீபோர்டு பாதியில் நின்றது. பாஸ்டர் தன் கையையே பார்த்தபடி நின்றார்.

மேற்கை எலும்பு முறிந்திருந்தது. சாயங்காலம் பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று, "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"மன்னிச்சுட்டேன்யா. ஆனா என்னய ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல?"



முறிந்த எலும்பைக்கூட அன்புக்கரசி பொறுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்று பல வருஷம் ஜெபித்தவர்களுக்குத் தன் குரல் புரியாமல் போனதைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை. "அம்புட்டுப் பேருக்கும் வெளங்கல. ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க வெளங்குச்சு?" என்று ஒச்சப்பனிடம் கேட்டார்.

"நீ புள்ள பெத்தப்ப வாசல்ல நின்னு கேட்டவன்ல நானு."

கட்டுப் பிரித்த பிறகு அன்புக்கரசி மறுபடி சபைக்குப் போனார். வேறு எங்கே போவது, அதுதான் அவர் சபை. "முடிஞ்சவங்க எந்திரிங்க, முடியாதவங்க உக்காந்தே துதிங்க" என்று பாஸ்டர் இப்போது சொல்கிறார். சபையில் ஆவியின் அக்கினி குறைந்துவிட்டது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள்.

அவர் திரும்பிப் போன அன்று முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவதில் கீபோர்டு உச்சத்துக்கு ஏறியதும் அன்புக்கரசிக்கு உடம்பு வேர்த்துவிட்டது. எழுந்து படியிறங்கி டீக்கடைக்கு வந்தார்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார் ஒச்சப்பன்.

"இல்லங்க. சத்தம் கூடுனா நடுங்குது. செத்த நேரம் இங்கன இருக்கேன்."

ஒச்சப்பன் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டு, சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னார். அன்புக்கரசி அதைக் குடித்துவிட்டு, பிரசங்கம் தொடங்கியதும் மாடியேறிப் போனார்.